அக்டோபரில் இருவருக்கு ஓர் ஊர்

ஸ்பெயினுக்கு ஒரு வாரம் என்று சொன்னால் சுற்றுலா நிறுவனங்கள் நீட்டும் திட்டம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததாகத்தான் இருக்கும். பார்சிலோனாவில் மூன்று இரவு, மாட்ரிட்டில் இரண்டு, செவியாவில் ஒன்று, கிரனாடாவில் ஒன்று. ஏழு இரவில் நான்கு ஊர், மூன்று முறை பெட்டி கட்டல். குழுவாகப் போகிறவர்களுக்கு இது ஒத்துவரலாம். பேருந்தில் பாட்டு உண்டு, பேச்சுத்துணை உண்டு. கணவனும் மனைவியுமாக இருவர் மட்டும் போனால் இந்தத் திட்டத்தில் மிஞ்சுவது ரயில் நிலையங்களும், விடுதிகளின் வரவேற்பறைகளும், இருவரில் யார் பாஸ்போர்ட்டை எங்கே வைத்தார் என்ற வாக்குவாதமும்தான். ஆகவே கேள்வியைக் குறுக்கிக்கொள்கிறேன். இலையுதிர் காலம், ஐந்து இரவு, ஒரே ஊர். எந்த ஊர், எந்த வாரம்?

எடைபோட எனக்கு மூன்று கேள்விகள் வேண்டும். அந்தப் பருவம் அந்த ஊருக்கு உண்மையிலேயே நன்மை செய்கிறதா, இல்லை கோடையின் மிச்சம்தானா? ஐந்து நாளும் தாங்குகிற அளவுக்கு முதல்தரமான விஷயங்கள் அங்கே பலவாக இருக்கின்றனவா, இல்லை ஒன்றே ஒன்றை நம்பி ஊர் நிற்கிறதா? மூன்றாவதை வழிகாட்டி நூல்கள் கேட்பதே இல்லை. ஒருவருக்கு ஓவியம் பிடிக்கும், மற்றவருக்குச் சந்தை பிடிக்கும் என்றால், காலையில் பிரிந்து போய் மதியச் சாப்பாட்டுக்குச் சிரமமில்லாமல் சேர்ந்துகொள்ள முடியுமா? முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களும் நாள் முழுக்க ஒட்டிக்கொண்டே திரிந்தால் நான்காம் நாள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பிரிந்து சேர இடம் கொடுப்பது ஓர் ஊரின் பெரிய குணம்.

முதலில் பருவம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலையுதிர் காலம் என்று நாள்காட்டி சொல்லலாம். தென்ஸ்பெயின் அதற்குக் கட்டுப்படுவதில்லை. செவியாவில் ஜூலை மாதத்தின் சராசரி உச்ச வெப்பம் 36 டிகிரி. புயலுக்குப் பெயர் வைப்பதுபோல வெப்ப அலைக்கும் பெயர் வைக்கத் தொடங்கிய ஊர் அது. 2022 ஜூலையில் வந்த அலைக்கு 'சோயி' என்று பெயரிட்டார்கள். செப்டம்பரிலும் 32 டிகிரி. சென்னையிலும் மதுரையிலும் இருப்பவர்களுக்கு 32 டிகிரி ஒரு பொருட்டா என்று தோன்றும். நாம் அந்த வெயிலில் வேலைக்குப் போவோம். ஆனால் காலை பத்து முதல் மாலை ஆறு வரை கல் பாவிய தெருக்களில் நடந்துகொண்டே இருக்க மாட்டோம். சுற்றிப் பார்ப்பது என்றால் அதுதான். அக்டோபரில் சராசரி 26 டிகிரிக்கு இறங்குகிறது, நவம்பரில் 20. மழைக் கணக்கு எதிர்த் திசையில் ஏறுகிறது: அக்டோபரில் 60 மி.மீ. சுற்றிலும், நவம்பரில் 80க்கு மேல், டிசம்பரில் இன்னும் அதிகம். ஆக, வெயில் விட்டு மழை இன்னும் வலுக்காத இடைவெளி அக்டோபர்.

இந்த இடைவெளி நாடு முழுவதற்கும் பொதுவானதல்ல என்பதைத்தான் திட்டம் போடுகிறவர்கள் தவறவிடுகிறார்கள். கிழக்குக் கரையில் கதையே வேறு. கோடை முழுக்கச் சூடேறிய மத்தியதரைக் கடலின் மேல் குளிர்ந்த மேல்காற்று வந்து தங்கினால், ஓர் ஆண்டு மழை ஒரே நாளில் கொட்டிவிடும். 2024 அக்டோபர் 29 அன்று வலென்சியா பகுதியில் வந்த வெள்ளம் 220க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பார்சிலோனாவிலும் ஆண்டின் கனமழை மாதங்கள் செப்டம்பரும் அக்டோபரும்தான். நம் ஊரில் வடகிழக்குப் பருவமழைக்குப் பயந்து அக்டோபரில் வெளிநாடு கிளம்புகிறவர்கள், இன்னொரு கடற்கரையின் மழைக்காலத்துக்குள் போய் இறங்குவதில் அர்த்தமில்லை.

வெளிச்சத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஸ்பெயின் தீர்க்கரேகையின்படி லண்டனோடு நிற்க வேண்டிய நாடு. 1940இல் சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு கடிகாரத்தை பெர்லினோடு சேர்த்து வைத்தது. அது இன்றுவரை திரும்பவில்லை. செவியா கிரீன்விச்சுக்கு மேற்கே 6 டிகிரியில் இருக்கிறது. விளைவு: அக்டோபர் கடைசி வாரத்தில் அங்கே சூரியன் உதிக்கக் காலை எட்டரை மணிக்கு மேலாகிவிடும், மறைய இரவு ஏழரை. நாலரைக்கு எழுந்து பழகிய நம் ஊர் மூத்தவர்களுக்கு அந்த இருட்டுக் காலை மிக நீளம். ஆனால் சுற்றிப் பார்க்க வந்த இருவருக்கு இது லாபம். அவசரமில்லாத காலை, நீண்டு கிடக்கும் மாலை. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கிறார்கள். மறுநாளே மாலை ஆறரைக்கு இருட்டிவிடும். அதோடு பல இடங்கள் குளிர்கால நேரத்துக்கு மாறும். செவியாவின் அல்காசர் அரண்மனை மாலை 5 மணிக்கே கதவைச் சாத்தும். அந்த ஞாயிறு கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லைக் கோடு. அதற்கு முன் போகிற இருவருக்கும் பின் போகிற இருவருக்கும் ஒரே பணத்தில் வேறு வேறு ஊர் கிடைக்கிறது.

பார்சிலோனாவை விலக்க மழை மட்டும் காரணமல்ல. சாக்ரதா ஃபமிலியா தேவாலயம் 1882இல் தொடங்கிய வேலை. அதன் உள்ளே மாலை வெயில் வண்ணக் கண்ணாடி வழியாக விழும் நேரம் ஐரோப்பாவில் நிகரில்லாதது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கட்டடக் கலைஞர் கௌடியின் படைப்புகளுக்கு வெளியே அந்த ஊர் வந்தவர்களோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறது. 2024 ஜூலையில் சாப்பிட உட்கார்ந்திருந்த பயணிகள் மீது போராட்டக்காரர்கள் தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சினார்கள். அதற்குச் சற்று முன்புதான், பயணிகளுக்கு வாடகைக்கு விடும் சுமார் 10,000 வீடுகளின் உரிமங்களை 2028க்குப் பின் புதுப்பிக்கப் போவதில்லை என்று மேயர் அறிவித்திருந்தார். ஊர்க்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர்கள் வாடகை ஏறியது நம்மைப் போன்றவர்கள் வந்ததால்தான். நியாயமான கோபத்துக்கு நடுவே உட்கார்ந்து விடுமுறையைக் கழிப்பது சுகமாக இருக்காது. கூடவே கைப்பையைக் கட்டிக்கொண்டே நடக்க வேண்டிய ரம்ப்ளாஸ் தெரு.

மாட்ரிட்டை ஒரு வரியில் தள்ளிவிடலாம். பிராதோ அருங்காட்சியகத்துக்குப் பருவமே கிடையாது. ஜனவரியிலும் ஓவியர் வெலாஸ்கெஸ் அங்கேதான் தொங்குவார்.

மிச்சம் இருப்பவை செவியாவும் கிரனாடாவும். உண்மையான வழக்கு இங்கேதான்.

கிரனாடாவின் பக்கம் ஒரே ஒரு சாட்சி: அல்ஹம்ப்ரா. அந்தச் சாட்சி மிக வலுவானது. 1238இல் முதலாம் முகம்மது தொடங்கிய நஸ்ரி வம்சத்தின் கோட்டை நகரம். முதலாம் யூசுஃபும் அவர் மகன் ஐந்தாம் முகம்மதுவும் பதினான்காம் நூற்றாண்டில் கட்டி முடித்த அரண்மனைகள். சிங்க முற்றத்தை ஒட்டிய 'இரு சகோதரிகள்' கூடத்தின் கூரையில் தேன்கூடுபோல அடுக்கடுக்காகத் தொங்கும் சுதை வேலைக்கு முன்னால் நிற்கிறவருக்குக் கட்டடம் எடையுள்ள பொருள் என்பதே மறந்துபோகும். இதற்கு ஈடு செவியாவில் இல்லை. இருப்பதாகச் சொல்வது பொய்.

சாட்சி வலுவானது என்பதற்காகத் தீர்ப்பு அந்தப் பக்கம் சாய்ந்துவிடாது. ஆண்டுக்கு 25 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தக் குன்றுக்கு ஏறுகிறார்கள். நஸ்ரி அரண்மனைகளுக்கு அரை மணி நேரக் கணக்கில் நுழைவு; சீட்டில் உங்கள் பெயர் இருக்கும், பாஸ்போர்ட் எண் இருக்கும், நுழைய வேண்டிய நேரம் இருக்கும். தவறவிட்டால் அவ்வளவுதான். வசந்தத்திலும் அக்டோபரிலும் அந்தச் சீட்டுகள் வாரக்கணக்கில் முன்னதாகவே தீர்ந்துவிடுகின்றன. இந்தியப் பாஸ்போர்ட்டோடு போகிறவர்களுக்கு இதில் இன்னொரு முடிச்சு. ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். வழக்கமாக 15 நாளில் முடிவு வர வேண்டும், சில நேரம் 45 நாள் வரை இழுக்கலாம். விசா கைக்கு வந்த பிறகு சீட்டு வாங்கலாம் என்று காத்திருந்தால் சீட்டு இருக்காது. முன்னாலேயே வாங்கினால், நினைத்தபடி மாற்ற முடியாத பெயர்ச் சீட்டை வைத்துக்கொண்டு விசாவுக்காக வேண்டிக்கொள்ள வேண்டும். ஒரு பயணத்தின் பாரம் முழுவதையும் ஒரே அரை மணி நேரத்தின் மேல் ஏற்றி வைப்பது நல்ல திட்டமல்ல.

பருவமும் கிரனாடாவுக்குப் பாதிதான் உதவுகிறது. அக்டோபர் 14 வரை அல்ஹம்ப்ரா இரவு 8 மணி வரை திறந்திருக்கும். 15ஆம் தேதியிலிருந்து 6 மணிக்கே மூடிவிடுவார்கள். இரவுப் பார்வையும் வாரத்துக்கு ஐந்து நாளிலிருந்து வெள்ளி, சனி இரண்டு நாளாகச் சுருங்குகிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். பகலில் 22, 23 டிகிரி சுகமாக இருந்தாலும் அக்டோபர் கடைசியில் இரவு 10 டிகிரிக்குக் கீழே போகும். இதில் நன்மையும் இருக்கிறது. அல்ஹம்ப்ராவைச் சுற்றியுள்ள காடு நவம்பரில் மஞ்சளாகும்; முதல் பனி சியரா நெவாதாவின் உச்சியில் விழுந்திருந்தால் சிவந்த கோட்டைக்குப் பின்னால் வெள்ளை மலை நிற்கும். இலை நிறம் மாறுவதைப் பார்க்கத்தான் ஐரோப்பா போகிறோம் என்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். செவியாவில் அது கிடைக்காது. அந்த ஊர்த் தெருக்களில் நிற்பவை நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கசப்பு ஆரஞ்சு மரங்கள். எந்தப் பருவத்திலும் பச்சை.

பிரிந்து சேரும் சோதனையில் கிரனாடா தோற்றுவிடுகிறது. எதிர்க் குன்றான அல்பைசீன் அழகுதான். ஆனால் மேடு, கூழாங்கல் பாவிய சந்து, மறுபடி மேடு. முழங்கால் வலி உள்ளவரைக் கீழே விட்டுவிட்டு மற்றவர் மேலே போனால், கீழே இருப்பவர் பார்க்க இருப்பது பேராலயமும், அரசி இசபெல்லாவும் அரசர் பெர்னாண்டோவும் அடக்கமாகியிருக்கும் அரச சிற்றாலயமும். ஒரு மணி நேரம், போனால் இரண்டு. பிறகு காப்பிக்கடை.

செவியாவின் வாதம் வேறு வகை. அங்கே தலைசிறந்த ஒன்று இல்லை. முதல் வரிசையில் வைக்கத் தக்கவை ஆறேழு, எல்லாம் இருபது நிமிட நடைக்குள், ஏறக்குறைய சமதளத்தில். அல்காசரை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அல்ஹம்ப்ராவை விட்டதற்கு ஈடு கேட்பவர்களுக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. காஸ்டிலின் கிறிஸ்தவ அரசர் பேத்ரோ 1364இல் கட்டிய அரண்மனை அது. கட்டியவர்களில் தொலேதோவின் தச்சர்களும் உண்டு, கிரனாடாவிலிருந்து வந்த கைவினைஞர்களும் உண்டு. அல்ஹம்ப்ராவைக் கட்டிக்கொண்டிருந்த ஐந்தாம் முகம்மதுவும் இந்த பேத்ரோவும் நண்பர்கள். 1359இல் அரியணை இழந்து ஓடிய முகம்மது, 1362இல் பேத்ரோவின் துணையோடுதான் திரும்பினார். அரியணையைப் பறித்தவர் அடைக்கலம் கேட்டு செவியாவுக்கு வந்தபோது பேத்ரோ அவரைக் கொன்றே போட்டார். இந்தச் சிநேகத்தின் சாட்சி அரண்மனை முகப்பில் இருக்கிறது. இறைவனைத் தவிர வெல்பவர் இல்லை என்ற கிரனாடா அரசர்களின் முழக்கம், கோணவெழுத்து அரபியில், நீல ஓட்டில், ஒரு கிறிஸ்தவ அரசனின் வாசலுக்கு மேலே திரும்பத் திரும்ப வருகிறது. சிங்க முற்றமும் இந்த முகப்பும் ஒரே தலைமுறையின் வேலை. ஒன்றைப் பார்த்தவர் மற்றதைப் பார்த்ததாக ஆகாது. ஆனாலும் வெறுங்கையோடு திரும்புவதாகவும் ஆகாது. கலை வரலாறாகப் பார்த்தால், எதிரி என்று பாடநூல் சொல்லும் இருவர் ஒரே ரசனையைப் பகிர்ந்துகொண்டதைக் காட்டும் அல்காசர்தான் கேள்விகள் கூடுதலாக எழுப்பும் கட்டடம் என்பேன்.

அங்கே ஓர் எச்சரிக்கை. கன்னியர் முற்றத்தின் மேல்தளம் பேத்ரோவினுடையதல்ல. பதினாறாம் நூற்றாண்டில் ஏற்றியது. நடுவில் பள்ளமாக இருக்கும் தோட்டம் பல நூற்றாண்டுகள் பளிங்குத் தரைக்கு அடியில் புதைந்து கிடந்து, 2000களின் தொடக்கத்தில் தோண்டி எடுக்கப்பட்டது. அதாவது, கண்ணுக்கு முன்னால் இருக்கும் 'பதினான்காம் நூற்றாண்டு' நம் காலத்தில் மீட்டுக் கொடுத்தது. அது குறையல்ல. தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது.

செவியாவின் பேராலயத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனம். கோதிக் பாணியில் உலகிலேயே பெரியது என்ற பெருமை அதற்கு உண்டு. அந்தப் பெருமையே அதன் வியாதி. 1401இல் தீர்மானித்து நூறு ஆண்டுக்கு மேல் கட்டியவர்கள் அளவை நினைத்த அளவுக்கு ஒளியை நினைக்கவில்லை. பீட்டர் டான்கார்ட் 1482இல் தொடங்கிய மரப் பலிபீடம் முடிய எண்பது ஆண்டு பிடித்தது. கம்பித் தடுப்புக்கு வெளியே நின்று அதில் எதையும் தனியாகப் பார்க்க முடிவதில்லை. கொலம்பஸின் கல்லறை நாடகத்தனமானது. ஹவானாவுக்காகச் செய்து, கியூபாவை இழந்த பிறகு இங்கே கொண்டுவந்து வைத்தது. ஆனால் ஹிரால்டா கோபுரம் எல்லாவற்றையும் மன்னிக்கவைக்கும். பன்னிரண்டாம் நூற்றாண்டு மசூதியின் பாங்கு கோபுரம். உச்சியில் மணிக்கூண்டு மட்டும் பதினாறாம் நூற்றாண்டில் சேர்த்தது. உள்ளே படிக்கட்டு கிடையாது. பாங்கு சொல்பவர் குதிரையில் ஏறிப்போக வசதியாக 35 சாய்தளங்கள். மேலே போய்ச் சேர்ந்தபிறகுதான் கடைசியில் சில படிகள். மூச்சு வாங்காமல் அறுபது வயதுக்காரரும் ஏறிவிடக்கூடிய கோபுரம் ஐரோப்பாவில் வேறு எத்தனை இருக்கும் தெரியவில்லை.

இருவர் பிரிய வேண்டிய காலைக்கு இங்கே இடம் தாராளம். ஓவியம் பிடித்தவர் கரிதாத் மருத்துவமனைச் சிற்றாலயத்துக்குப் போகலாம். வால்தேஸ் லெயால் 1670களின் தொடக்கத்தில் வரைந்த இரண்டு சாவுப் படங்கள் வாசலுக்குள் நுழைந்ததுமே இருக்கின்றன. பிஷப்பின் அழுகும் உடலை இவ்வளவு அருகில், இவ்வளவு அக்கறையோடு வரைந்தவர் குறைவு. அங்கே முரீயோவின் படங்களில் நான்கு நகல்கள். அசல்களை நெப்போலியனின் தளபதி சூல்த் தூக்கிக்கொண்டு போனார், அவை இன்று லண்டனிலும் வாஷிங்டனிலும் ஒட்டாவாவிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் கிடக்கின்றன. மிஞ்சிய முரீயோக்களுக்கும் சுர்பரானுக்கும் நுண்கலை அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய மடம், கட்டணம் ஒரு காப்பி விலையைத் தொடாது, திங்கள் விடுமுறை. வரலாறு பிடித்தவருக்கு இந்தியத் தீவுகளின் ஆவணக் காப்பகம். ஸ்பெயினின் மூன்று நூற்றாண்டு அமெரிக்கப் பேரரசின் கணக்குகள், வரைபடங்கள், புகார்கள் அங்கே கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கின்றன, நுழைவு இலவசம். சந்தை பிடித்தவர் பாலத்தைக் கடந்து திரியானாவுக்குப் போய் ஓடு, பீங்கான், மீன், ஊறவைத்த ஆலிவ் என்று நேரத்தைப் போக்கலாம். அந்தச் சந்தையின் அடியில் இருப்பது கத்தோலிக்கச் சமய விசாரணை மன்றம் சிறையாக வைத்திருந்த கோட்டையின் அடித்தளம். இரண்டு மணிக்கு எங்கே சேர்ந்துகொள்வது என்று முன்கூட்டிச் சொல்லிக்கொண்டால் போதும். எங்கிருந்தும் நடந்து வந்துவிடலாம்.

எல்லாம் இவ்வளவு கச்சிதம் என்று ஒப்புக்கொள்ள நான் தயாரில்லை. செவியாவில் போலித்தனமும் நிறைய. பயணிகள் மொய்க்கும் சாந்தா குரூஸ் பகுதியை 'இடைக்கால யூதக் குடியிருப்பு' என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். 1391இல் அந்த மக்களைக் கும்பல் கொன்று தீர்த்தது உண்மை. ஆனால் இன்று படம் பிடிக்கும் வெள்ளைச் சுவரும் பூத்தொட்டியும் சிறு சதுக்கங்களும் பெருமளவு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பயணிகளைக் கவரவே திருத்தி அமைத்தவை. கொலைக்களத்தைச் சிங்காரித்து வைத்த பகுதி என்று தெரிந்தே நடக்க வேண்டும். அங்கே விடுதி எடுக்கத் தேவையில்லை, ஆற்றுப்பக்கம் எடுக்கலாம். 1929 கண்காட்சிக்காக அனிபல் கோன்சாலெஸ் கட்டிய பிளாசா தே எஸ்பான்யாவும் அப்படித்தான், அன்றைய பெருமிதத்தின் மேடைத் திரை. 48 மாகாணங்களுக்கு ஓடு பதித்த இருக்கைகள், வாய்க்கால், படகு. அதை நான் கலை என்று சொல்ல மாட்டேன். மாலை ஆறு மணி வெயிலில் அந்த அரைவட்டம் செம்பொன்னாகும்போது வாயை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரலாம் என்று மட்டும் சொல்வேன். 2024இல் வெளியூர்க்காரர்களிடம் அங்கே கட்டணம் வாங்க மேயர் திட்டம் போட்டார், மத்திய அரசு ஒப்பவில்லை. வந்தவர்களின் கூட்டம் இந்த ஊரையும் அழுத்துகிறது. பார்சிலோனா அளவுக்கு முற்றவில்லை, அவ்வளவே.

இலையுதிர் காலத்தில் வருகிறவர் இழப்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆரஞ்சுப் பூ மணம் மார்ச், ஏப்ரலில்தான். அக்டோபரில் காய்கள் பச்சையாகவே இருக்கும். புனித வாரத்துச் சப்பர ஊர்வலங்கள் இல்லை, ஏப்ரல் திருவிழா இல்லை. ஊர்க்காரர்களைக் கேட்டால் இவை இல்லாத செவியா பாதிச் செவியா என்பார்கள். அந்த வாரங்களில் விடுதி விலை தலைக்கு மேல் ஏறுவதையும், தெருவில் நகர இடமில்லாததையும் சேர்த்துக் கணக்கிட்டால் எனக்குப் பாதிச் செவியாவே போதும். இதற்காக அக்டோபர் மலிவு என்று நினைக்க வேண்டாம். அதுவும் அங்கே கிராக்கியான மாதம்தான். ஃபிளமெங்கோ தீவிரமாகப் பிடித்தவர்கள் இரட்டைப்படை ஆண்டுகளில் செப்டம்பரிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை நடக்கும் பியெனால் விழாவுக்காக வெயிலைப் பொறுத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு ஒலிபெருக்கி இல்லாத சிறிய கூடத்தில் ஒரு மணி நேர நிகழ்ச்சி போதும். சாப்பாட்டோடு சேர்த்து விற்கும் நிகழ்ச்சிகளைத் தவிர்க்கவும். தட்டுச் சத்தம் காலடிச் சத்தத்தைக் கொன்றுவிடும்.

சாப்பாடு என்றதும் சைவம் சாப்பிடுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். பன்றித் தொடையை நம்பி வாழும் நாடு; காய்கறி என்று கேட்டாலும் மேலே இரண்டு துண்டு தூவிக் கொடுப்பார்கள், அதை அவர்கள் இறைச்சியாகவே எண்ணுவதில்லை. ஆனால் கீரையும் கொண்டைக்கடலையும் சீரகம் போட்டு வதக்கிய செவியாவின் பழைய பதார்த்தம் எந்தக் கடையிலும் உண்டு; நம் நாக்குக்கு அறிமுகமே தேவையில்லை. தக்காளியும் ரொட்டியும் அரைத்த குளிர்ந்த சல்மோரெஹோவுக்கு மேலே தூவும் பன்றியும் முட்டையும் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். அக்டோபர் பாதிக்கு மேல் தெருமுனைகளில் கஷ்கொட்டை சுடும் புகை எழும். இரவுச் சாப்பாடு எட்டரைக்கு முன் கிடைக்காது என்பதற்கு மருந்து, மதியம் இரண்டரைக்கு நிறையச் சாப்பிடுவதுதான்.

ஐந்து நாளில் ஒரு நாள் கோர்தோபாவுக்கு. அதிவேக ரயிலில் முக்கால் மணி. 785 வாக்கில் முதலாம் அப்துர் ரகுமான் தொடங்கிய மெஸ்கித்தா மசூதியின் எண்ணூற்றுச் சொச்சம் தூண்களுக்கு நடுவே பதினாறாம் நூற்றாண்டில் ஒரு தேவாலயத்தை நட்டுவைத்தார்கள். அதை நாசம் என்பவர்களும் உண்டு. அந்தத் தேவாலயம்தான் மசூதியை இடிபடாமல் காப்பாற்றியது என்பவர்களும் உண்டு. இரண்டும் சரி என்று நின்று பார்த்தால்தான் தெரியும். திங்கள் முதல் சனி வரை, வழிபாட்டு விழா இல்லாத நாட்களில், காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை கட்டணமில்லை. அக்டோபர் கடைசியில் அந்த நேரம் சூரியன் எழும் நேரம். கூட்டமும் இருக்காது, ஒளியும் அதிகம் இருக்காது. அரையிருளில் சிவப்பும் வெள்ளையுமான வளைவுகள் எங்கே முடிகின்றன என்று தெரியாமல் போவதுதான் அந்தக் கட்டடத்தின் நோக்கம் என்று நினைக்கிறேன். பணம் கொடுத்துப் பதினொரு மணிக்குப் போகிறவருக்கு அது கிடைப்பதில்லை.

ஆகவே என் தீர்ப்பு செவியா. அக்டோபர் 12 தேசிய விடுமுறை. அதை ஒட்டிய கூட்டம் கலைந்த மறுநாளிலிருந்து, கடிகாரம் மாறும் கடைசி ஞாயிறு வரை. ஏறக்குறைய இரண்டு வாரம். நவம்பர் 1 புனிதர் அனைவர் திருநாளின் நீண்ட விடுமுறையும் அப்போது தப்பிவிடும். மாட்ரிட்டில் இறங்கி இரண்டரை மணி ரயிலில் செவியா. திரும்பும்போதும் அதே வழி. விசாக் கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. அல்காசருக்கும் நேரம் குறித்த சீட்டுதான். ஆனால் அது கிடைக்காமல் போனாலும் பயணம் கவிழ்ந்துவிடாது. இரண்டு நாள் மழை பெய்தாலும் கூரைக்கு அடியில் பார்க்க மிச்சம் இருக்கும். கிரனாடாவுக்கு இந்த இரண்டையும் சொல்ல முடியவில்லை.

இந்தத் தீர்ப்பை ஏற்காத ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். அல்ஹம்ப்ராவைப் பார்க்காமல் ஸ்பெயினிலிருந்து திரும்புவதில்லை என்று இருவரில் ஒருவர் நின்றால், செவியாவிலிருந்து ஒரே நாளில் போய்வரலாம் என்று சமாதானம் செய்ய வேண்டாம். போக இரண்டரை, மூன்று மணி, வர இரண்டரை, மூன்று மணி. நடுவில் அந்த அரை மணிச் சீட்டுக்காகக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு நாள் போய்விடும். ஊரையே மாற்றிக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் வாரம், இரவு 8 மணி வரை திறந்திருக்கும்போதே, கிரனாடாவில் மூன்று இரவு. விமானச் சீட்டுக்கு முன் அல்ஹம்ப்ராச் சீட்டு. ஒரு பகல், ஒரு இரவுப் பார்வை. விடுதி மேட்டில் இல்லாமல் கீழே சமதளத்தில். செவியாவுக்கு அந்தப் பயணத்தில் ஒரு பகல்கூட ஒதுக்க வேண்டாம்.